மத்தளவிலிருந்து பலாலிக்கு எத்தனை நிமிடம்?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் ஒரு தரம் எடுத்துச் சொல்லிவிடுகிறேன். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறீர்கள். அண்ணன் யாழ்ப்பாணத்தில் வேலை பார்க்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ்ஸில் அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. மத்தள விமான நிலையம் நமக்குக் கீழேதானே இருக்கிறது, அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் பறந்தால் என்ன என்று இரண்டு இணையதளங்களில் தேடியிருக்கிறீர்கள். இரண்டிலும் தூரம் 405 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. நேரம் மட்டும் ஒன்றில் 30 நிமிடம், மற்றதில் 1 மணி நேரம். எது சரி என்று கேட்கிறீர்கள். அம்மாவை இப்படிக் கூட்டிப்போக முடியுமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

தூரம் சரி. 30 நிமிடம் நடக்காத காரியம். 1 மணி நேரம் கிட்ட வருகிறது, ஆனால் அதுவும் குறைவு. அந்த வழியில் ஒரு விமானம் ஓடினால் புறப்பாட்டிலிருந்து வந்து நிற்கும்வரை ஒன்றேகால் மணி நேரம் என்று வையுங்கள். ஆனால் மத்தளவுக்கும் பலாலிக்கும் நடுவே அட்டவணைப்படி ஓடும் பயணிகள் விமானம் இல்லை. இதைக் கடைசி வரியில் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.

நான் பண்டாரவளைக்காரன். இருபது வருடத்துக்கு மேல் விமானங்களின் இயக்கப் பிரிவில் இருந்தேன். ஃபிளைட் பிளான் போடுவது, எவ்வளவு எண்ணெய் ஏற்றுவது, எவ்வளவு எடை தாங்கும், எந்த வழியில் போவது என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பதுதான் வேலை. விமானி இல்லை. ஓட்டுபவரின் கைப்பழக்கம் எனக்குத் தெரியாது. காகிதத்தில் நான் எழுதிய நேரமும் விமானம் உண்மையில் வந்து நின்ற நேரமும் எங்கே ஒத்துப்போகும், எங்கே பிசகும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

தூரத்தை நீங்களே வீட்டில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மத்தள ஏறக்குறைய வடக்கு 6.29 பாகையில் இருக்கிறது, பலாலி 9.79 பாகையில். வித்தியாசம் 3.5 பாகை. நம் பக்கத்தில் வடக்குத் தெற்காக ஒரு பாகை 110.6 கிலோமீற்றர், ஆக 387. கிழக்கு மேற்காக மத்தள 81.12, பலாலி 80.07. வித்தியாசம் 1.05 பாகை, அது 116 கிலோமீற்றர். ஒன்பதாம் வகுப்பில் படித்த செங்கோண முக்கோணத்தை இதற்குப் போட்டால் 404, 405 என்று வந்து நிற்கும். சில தளங்களில் 406 அல்லது 407 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். அவர்கள் பூமியை 6,371 கிலோமீற்றர் ஆரையுள்ள சரியான பந்தாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை. நாம் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் வடக்குத் தெற்குக் கணக்கில் பந்துக் கணக்கு சற்றுக் கூடக் காட்டும். இரண்டு கிலோமீற்றர் வித்தியாசம் அதுதான். விமானக்காரர்கள் இதையே கடல் மைலில் 219 என்று எழுதுவார்கள்.

இந்தக் கோட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலகச் சுவரில் இலங்கைப் படம் ஒன்று தொங்கியது. ஒரு மதிய இடைவேளையில் குண்டூசியும் தையல் நூலும் எடுத்து நாட்டின் தென்கோடியையும் வடகோடியையும் விதவிதமாக இணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மத்தளவில் விமான நிலையம் கிடையாது. பிற்பாடு அது வந்தபோது, அதே படத்தில் அங்கே ஒரு ஊசி குத்தி பலாலிக்கு நூலை இழுத்தேன். நூல் அப்புத்தளை டவுனுக்கு இரண்டு கிலோமீற்றர் கிழக்கே, தியத்தலாவைக்கு மேலாக, பண்டாரவளைக்குக் கொஞ்சம் மேற்கே ஓடியது. என் அம்மா வீட்டுக் கூரையும் உங்கள் லயமும் அந்த நூலின் கீழேதான். அதாவது நீங்கள் கேட்கும் விமானம் ஓடினால், அம்மாவைக் கூட்டிக்கொண்டு நூறு கிலோமீற்றர் அளவில் தெற்கே கீழே இறங்கிப் போய், அங்கே காத்திருந்து ஏறி, பத்து நிமிடத்தில் உங்கள் வீட்டுக்கு மேலேயே திரும்பி வருவீர்கள். மேகம் இல்லாத காலை என்றால் கோவில் கோபுரத்தைக்கூட அடையாளம் கண்டுவிடலாம்.

இனி அந்த 30 நிமிடமும் 1 மணி நேரமும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். இந்தத் தளங்கள் எந்த விமான அட்டவணையையும் பார்ப்பதில்லை. உலகத்தில் உள்ள விமான நிலையங்களின் குறியீடுகளை வைத்துக்கொண்டு எந்த இரண்டைக் கேட்டாலும் ஒரு கோடு போடும். தூரத்தை மணிக்கு 800 கிலோமீற்றர் அளவான வேகத்தால் வகுக்கும். 405ஐ அப்படி வகுத்தால் 30 நிமிடம். முதல் தளம் அதோடு நின்றுவிட்டது. இரண்டாவது தளம், ஏறவும் இறங்கவும் என்று பொதுவாக 30 நிமிடம் சேர்த்து 1 மணி நேரம் ஆக்கியது. இரண்டும் ஒரே கணக்குத்தான். 800 என்பது பெரிய ஜெட் விமானம் உயரத்தில் நிலையாக ஓடும் வேகம். கொழும்பிலிருந்து லண்டன் போகும்போது அந்தக் கணக்கு ஓரளவு ஒட்டும், ஏனென்றால் பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஏறி இறங்கும் பகுதி சிறியது. 400 கிலோமீற்றர் பயணத்தில் ஜெட் விமானம் ஏறி முடிக்கும் நேரத்துக்குள் இறங்கத் தொடங்க வேண்டும். பத்தாயிரம் அடிக்குக் கீழே வேகக் கட்டுப்பாடும் உண்டு, 250 நொட், அதாவது மணிக்கு 460 கிலோமீற்றர் அளவு. குறுகிய பயணத்தில் பெரும் பங்கு இந்த மெதுவான பகுதிதான்.

சரி, உண்மையான நேரத்தை எப்படிப் பிடிப்பது? பக்கத்தில் ஏற்கெனவே ஓடும் வழி ஒன்றைப் பார்ப்பதுதான் நான் நம்பும் முறை. சென்னைக்கும் பலாலிக்கும் நேர்கோட்டுத் தூரம் 354 கிலோமீற்றர். 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்ததும் அந்த வழியில் ஏடிஆர் 72 விமானம் ஓடத் தொடங்கியது. இரண்டு பக்கமும் விசிறி சுழலும், எழுபது பேர் அளவில் ஏறும் வகை. இடையில் சேவை நின்று மறுபடி வந்தது. அந்த வழிக்கு அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறைத்துப் போடுவதில்லை, கொஞ்சம் கூடவும் போட்டிருக்கிறார்கள். 354 கிலோமீற்றருக்கே அவ்வளவு. சென்னை நெரிசலான நிலையம், தரையில் ஊர்ந்து போகவே நேரம் பிடிக்கும். மத்தளவில் அந்தத் தொல்லை இல்லை. ஆக 50 கிலோமீற்றர் கூட இருந்தாலும் அந்த நெரிசல் இல்லாததால் கணக்கு அதே ஒன்றேகால் மணி நேரத்தில் வந்து நிற்கிறது.

என் பழைய முறையில் தனியாகவும் போட்டுப் பார்த்தேன். 405 என்பது கோடு. விமானம் ஓடும் வழி வளைவுகளோடு 430 வரை போகும். ஏறுவதற்குப் பதின்மூன்று நிமிடம், இறங்குவதற்குப் பதினைந்து, நடுவில் மணிக்கு 490 அளவில் முப்பத்திரண்டு, இறங்குபாதையைச் சரிசெய்து வர ஐந்து, தரையில் இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து. கூட்டினால் எழுபத்தைந்து நிமிடம். இரண்டு வழியில் போட்டும் ஒரே இடத்துக்கு வந்தால் அந்த எண்ணை நான் நம்புவேன். தூரத்தைப் போல இதை அடித்துச் சொல்ல மாட்டேன். ஐந்து பத்து நிமிடம் முன்பின் ஆகும்.

அந்த ஐந்து பத்து நிமிடத்தைத் தீர்மானிப்பது எது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. காற்று என்பார்கள். காற்றுத்தான், ஆனால் அவர்கள் நினைக்கும் விதத்தில் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று இந்த வழிக்குப் பெரும்பாலும் பக்கவாட்டில் அடிக்கும், முகத்தில் அடிக்காது. அதனால் நடுவழியில் அது பறிக்கும் நேரம் குறைவு. விஷயம் ஓடுபாதையில் இருக்கிறது. மத்தள, பலாலி இரண்டின் ஓடுபாதையும் வடகிழக்குக்கும் தென்மேற்குக்குமாகக் கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். ஜூன், ஜூலையில் மத்தளவில் தென்மேற்கைப் பார்த்து எழும்பும். போக வேண்டிய திசை வடக்கு. எழும்பியதும் நூறு பாகைக்கு மேல் வலப்பக்கம் திரும்ப வேண்டும். பலாலியிலும் அப்படித்தான். தெற்கிலிருந்து வரும் விமானம் நிலையத்தைத் தாண்டி வடகிழக்கே கடல் பக்கம் போய்ச் சுற்றி வந்து இறங்கும். வாடைக்காற்று வீசும் டிசம்பர், ஜனவரியில் இரண்டு பக்கமும் வடகிழக்கைப் பார்த்து ஓடும், திருப்பம் சிறியது. ஒரே வழிக்கு மாதத்தைப் பொறுத்து நேரம் மாறுவது இதனால்தான்.

மலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், மலைக்கு மேலே போவதால் நேரம் கூடுமா என்று. பிதுருதாலகாலை 2,524 மீற்றர், நம் கோட்டிலிருந்து மேற்கே பதினைந்து கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. கருவிகளை நம்பிப் பறக்கும்போது மலைப்பகுதியில் சுற்றியுள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் 2,000 அடி இடைவெளி வேண்டும் என்பது விதி. அந்தச் சிகரத்தையும் கணக்கில் எடுத்தால் பத்தாயிரம் அடிக்கு மேலே போக வேண்டும். ஏடிஆருக்கு இது ஒன்றுமே இல்லை, வழக்கமாகவே அதைவிட உயரத்தில் ஓடும். இந்த விதியை வெறும் காகித விதி என்று மலையகத்தில் யாரும் நினைக்க மாட்டார்கள். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவில் இறங்க வந்த டிசி-8 விமானம், இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைத் தவறாகக் கணித்து, முன்கூட்டியே தாழ இறங்கி ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் போய்விட்டார்கள். நான் ஒரு பிளானில் உயரத்தை எழுதும் ஒவ்வொரு தரமும் அந்த மலை நினைவுக்கு வராமல் போனதில்லை.

சின்ன விமானம் என்றால் கதை கொஞ்சம் மாறும். நம் நாட்டில் உள்ளூரில் ஓடும் செஸ்னா கரவான் போன்றவற்றில் பத்துப் பேர் அளவில்தான் ஏறலாம். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகம். உள்ளே காற்றழுத்தம் கூட்டும் வசதி இல்லை, அதனால் நெடுநேரம் உயரப் பறக்க விரும்ப மாட்டார்கள். மாலையில் இடி கட்டும் ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் மலைக்கு மேலே போகாமல் நமுனுகுலைக்குக் கிழக்கே ஒதுங்கி, மகியங்கனைப் பக்கமாக மேலேறிப் போவதுதான் புத்தி. இப்படிச் சுற்றினால் எவ்வளவு கூடும் என்று அளந்து பார்த்தேன். பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. ஆகவே மலை நேரத்தைத் தின்பதில்லை, விமானத்தின் வேகம்தான் தின்கிறது. கரவானில் இந்தப் பயணம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும், ஒரு மணி நாற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்ன விமானத்தில் பையை மட்டுமல்ல, ஆளையும் நிறுப்பார்கள். ஒரு முறை எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தராசுத் தட்டைப் பார்த்துவிட்டு ஏற மறுத்து நின்றார். தன்னை எல்லார் முன்னாலும் நிறுத்துப் பார்க்கிறார்களே என்று முகம் சுருங்கிவிட்டது. நான் முன்னால் ஏறி நின்று என் எடையைச் சத்தமாகச் சொன்னேன். பின்னால் விமானியும் ஏறினார். அப்புறம் அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பையோடு ஏறினார். யாரை முன் இருக்கையில் வைப்பது, யாரைப் பின்னால் வைப்பது என்பதற்கு அந்த எண் வேண்டும், அவ்வளவுதான். உங்கள் அம்மா எப்போதாவது இப்படிப் போக நேர்ந்தால் முதலிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

மத்தளவில் ஏன் இந்தச் சேவை இல்லை என்பதில் மர்மம் எதுவும் இல்லை. 2013ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி திறந்தார்கள். 3,500 மீற்றர் ஓடுபாதை, எவ்வளவு பெரிய விமானமும் இறங்கும். ஆனால் சுற்றிலும் பயணிகள் இல்லை. 2015 தொடக்கத்திலேயே தேசிய விமான நிறுவனம் சேவையை நிறுத்திக்கொண்டது. ஒரு காலத்தில் அங்கிருந்த களஞ்சியத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளோடு வாடகை விமானங்கள் சில பருவங்களில் வந்து போகின்றன. தெற்கிலிருந்து வடக்கே தினமும் எழுபது பேர் போவார்கள் என்று எந்த நிறுவனமும் கணக்குக் காட்ட முடியாத வரையில் இந்த வழி கோடாகவே இருக்கும். தனியாக ஒரு சின்ன விமானத்தை வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் முழு விமானத்துக்கும் நீங்கள் ஒருவரே காசு கட்ட வேண்டும். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை விமானம் இறங்குகிறதே என்று யாரோ உங்களுக்குச் சொன்னார்களாம். இறங்கியது உண்மை. அதுவும் சுற்றுலாப் பயணிகளுக்கான ஏற்பாடுதான், பலாலிக்குப் போகும் வழியல்ல.

விமானம் இருந்தாலும் வாசலிலிருந்து வாசல் வரை கணக்குப் போடுங்கள். அப்புத்தளையிலிருந்து கொஸ்லந்தை, வெல்லவாய வழியாக மத்தளவுக்கு வேனில் இரண்டரை மணி நேரம். தியலும வரைக்கும் வளைவுகள், அம்மாவுக்கு நடுவில் இறங்கிக் காலை நீட்ட வேண்டியிருக்கும். நிலையத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக. பறப்பது ஒன்றேகால். பலாலியிலிருந்து யாழ்ப்பாண டவுனுக்கு இருபது கிலோமீற்றருக்குள். எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரத்துக்குக் கிட்ட. 1 மணி நேரம் என்று படித்தபோது உங்கள் மனதில் வந்த படம் இதுவாக இருந்திருக்காது.

இன்றைக்கு இருப்பவற்றில் எதைச் சொல்வேன்? இரத்மலானையிலிருந்து பலாலிக்கு உள்ளூர் விமானம் அவ்வப்போது ஓடியிருக்கிறது. நாட்கள் மாறும், அதனால் டிக்கெட் எடுக்கும் முன் தொலைபேசியில் உறுதிப்படுத்த வேண்டும். தூரம் 330 கிலோமீற்றர். ஆனால் நீங்கள் முதலில் கொழும்புப் பக்கம் ஐந்தாறு மணி நேரம் வீதியில் இறங்க வேண்டும். முழங்கால் வலிக்கு அதில் ஆறுதல் இல்லை. எனக்குக் கேட்டால், பயணத்தை இரண்டு நாளாக உடையுங்கள். ரயிலில் பொல்கஹவெல வரை வந்து அங்கே யாழ்ப்பாண ரயிலுக்கு மாறலாம். மலைநாட்டுப் பாதையும் வடக்குப் பாதையும் சேரும் இடம் அதுதான். ரயிலில் எழுந்து நாலடி நடக்கலாம், பஸ்ஸில் முடியாது. மழைக்காலத்தில் மண்சரிவால் மலைப்பாதை அடைபடும், கிளம்பும் முன் உங்கள் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் ஓடாத நாளானால் முதல் நாள் கண்டி வரை போய் அங்கே தங்கி, மறுநாள் காலை ஏ9 வீதியில் போகும் பஸ்ஸில் முன் இருக்கை பதிவு செய்யுங்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் 320 கிலோமீற்றர் அளவு. தம்புள்ளையைத் தாண்டிவிட்டால் வீதி பெரும்பாலும் நேராகத்தான் ஓடும், குலுக்கல் குறைவு.

ரயில் படி நம் பக்கத்துச் சின்ன நிலையங்களில் மேடையிலிருந்து உயரமாக இருக்கும். அம்மா ஏறும்போது வலிக்காத காலை முதலில் வைக்கட்டும், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வைக்கட்டும். ஏறும்போது நீங்கள் பின்னால் நில்லுங்கள், இறங்கும்போது முன்னால்.